பதினான்கு கிலோமீட்டர் ஓடிய ஞாயிறு

1. கல்யாணமாகி ஏழாவது மாதம், ஒரு திங்கட்கிழமை காலை, வீட்டு வாசலிலிருந்து கரமனைப் பாலம் வரை ஓடினேன். அறுநூறு மீட்டர். பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றேன்.

2. முதல் ஷூ சிறியது. கால் பெருவிரல் நகம் கறுத்து விழுந்தது.

3. இரண்டாவது ஷூவை என் கணவனோடு போய் வாங்கினேன். அது சரியாக இருந்தது.

4. ஒன்றேகால் வருடத்தில் அறுநூறு மீட்டர் பதினான்கு கிலோமீட்டர் ஆனது.

5. பதினான்கு ஓடிய ஞாயிற்றுக்கிழமை நான் ஐந்து வாரக் கர்ப்பிணி. அன்று அது எனக்குத் தெரியாது.

6. ஏழாவது வாரம் ஸ்கேனில் இதயத்துடிப்பைப் பார்த்தோம். பதினோராவது வாரம் அது இல்லை.

7. அதன்பின் பதினெட்டு நாள் வீட்டில் இருந்தேன். பதினெட்டாம் நாள் ஓர் அறிக்கை எழுதினேன்.

8. அவன் அதைப் படித்தான்.

எட்டாவதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் அது விளங்கும்.

நான் கழக்கூட்டத்தில் ஒரு மின்னணுக் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். மருத்துவக் கருவிகளுக்குள் போகும் சர்க்யூட் போர்டுகளைச் சூடாக்கி, குளிராக்கி, அதிரவைத்துப் பார்ப்பது என் வேலை. அவன் அதே கட்டடத்தில் மேல்தளத்தில் போர்டுகளை வடிவமைக்கிறவன். நாங்கள் முதன்முதலாகப் பேசியது அவன் செய்த போர்டு ஒன்று என் மேஜையில் செத்துப்போனபோதுதான். நான் போனில் அம்மாவிடம் தமிழில் பேசுவதைக் கேட்டிருக்கிறான். நேராக வந்து, "என் போர்டை என்ன பண்ணினேள்?" என்றான்.

"ஒண்ணும் பண்ணலை. அறுபது டிகிரியில ரெண்டு நாள் வெச்சேன். அதுவா போயிடுத்து."

"நேத்து சாயங்காலம்கூட ஓடிண்டிருந்ததே!"

"ஸ்ட்ரெஸ் பண்ணின போர்டு அன்னிக்கே போகாது. நன்னா ஓடற மாதிரி காட்டிண்டு ரெண்டு வாரம் கழிச்சும் போகும்" என்றேன். அதை ஒரு கெட்டிக்காரப் பதிலாக நினைத்துச் சொன்னேன். அவன் சிரித்தான்.

இரண்டு வீடுகளும் தலைமுறைகளாக மலையாள மண்ணில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள். ஜாதகம் பார்த்தார்கள், அதுவும் பொருந்தியது. கல்யாணத்துக்குப் பிறகு கரமனை அக்ரஹாரத் தெருவில் அவன் வீட்டுக்கு வந்தேன். அவன், அவன் அம்மா, நான். அம்மா முன்னால் அவனை 'ஏன்னா' என்று கூப்பிடுவேன். ஸ்கூட்டர் கரமனை ஜங்ஷனைத் தாண்டியதும் 'டா' ஆகிவிடும். அம்மாவுக்கும் அது தெரியும் என்று பிற்பாடு தெரிந்தது.

ஓட ஆரம்பித்ததற்குப் பெரிய காரணம் இல்லை. கம்பெனி மருத்துவப் பரிசோதனையில் சர்க்கரை எல்லையில் இருப்பதாகச் சொல்லி நடக்கச் சொன்னார்கள். எங்கள் தெருவில் நடப்பது சுலபமில்லை. வீடுகள் ஒன்றோடொன்று சுவரைப் பங்கு வைத்துக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொரு வாசலிலும் எங்கே போகிறேன், ஏன் போகிறேன், அவன் ஏன் கூட வரவில்லை என்று பதில் சொல்ல வேண்டும். ஓடினால் கேட்பதற்கு அவர்களுக்கு நேரம் கிடைக்காது என்று கணக்குப் போட்டேன்.

கணக்கு தப்பவில்லை, ஆனால் நாலாம் வீட்டு மாமி விடவில்லை. முதல் நாள், "என்னடி, பஸ் போயிடுத்தா?" என்று கத்தினாள். இரண்டாம் நாளும் அதே. மூன்றாம் நாள் கோலப்பொடியோடு வழியை மறித்தாள். "தினமும் பஸ்ஸை விட்டுடறயே. சித்த சீக்கிரம் எழுந்துக்கப்படாதோ?"

முதல் ஷூவைச் சாலை பஜாரில் வாங்கினேன். திருநெல்வேலிக்காரர் ஒருவரின் செருப்புக்கடை. "யம்மா, உங்க செருப்பு அளவு என்ன? ஆறா? அப்பம் ஷூவும் ஆறுதான். ஒரு காலுக்கு ரெண்டு அளவு உண்டா?" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எதையும் இரண்டு முறை அளக்கிறவள், என் காலை ஒருமுறைகூட அளக்கவில்லை.

மூன்றாவது வாரம் வலது பெருவிரல் நகம் கறுத்தது. வாசல் தெளிக்கும்போது மாமியார் பார்த்துவிட்டார்.

"யாராவது மிதிச்சாளா?"

"இல்லைம்மா. ஷூ."

"காலைக் காப்பாத்தத்தானே அதைப் போட்டுக்கறது? நகத்தைப் பறிக்கறதுக்குப் பின்னே அது எதுக்காக்கும்?"

அதற்குப் பிறகு ஷூவைப் பற்றிப் படித்தேன். நிறையப் படித்தேன், அதில் பாதி விற்கிறவர்கள் எழுதியது. கடைசியில் மிஞ்சியது கொஞ்சம்தான். நாள் முழுவதும் நடந்த கால் வீங்கியிருக்கும், அதனால் சாயங்காலம் போய் வாங்க வேண்டும். ஓடும்போது போடுகிற சாக்ஸையே போட்டுக்கொண்டு போக வேண்டும். இரண்டு காலில் பெரிய காலுக்குப் பொருந்த வேண்டும். நின்றுகொண்டு பார்த்தால் விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் காலி இருக்க வேண்டும். குதிகால் தூக்கக் கூடாது. நிறத்தைக் கடைசியில் பார்க்க வேண்டும். போட்டுக்கொண்டு ஓடிப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

அவனும் கூட வந்தான். எம்.ஜி. ரோட்டில் ஒரு விளையாட்டுச் சாமான் கடை. நான் ஏழு ஜோடி போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் கடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடினேன். விற்பனைப் பெண் முதலில் சிரித்தாள், பிறகு தானும் குனிந்து என் குதிகாலைப் பார்க்கத் தொடங்கினாள்.

"கல்யாணப் புடவை எடுக்க நீ இவ்வளவு நேரம் எடுத்துக்கலை" என்றான் அவன்.

"புடவை நகத்தைப் பறிக்காது."

"என்னை எடுக்கறதுக்கும் இவ்வளவு டெஸ்ட் வெக்கலையே."

"உன்னை டெஸ்ட் பண்ணித்தான் எடுத்தேன். நீ பாஸாகலை, பாவம்னு விட்டேன்."

விற்பனைப் பெண்ணுக்குத் தமிழ் தெரியும் போலிருக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செருப்பில் ஆறு போடுகிற நான் ஷூவில் ஏழரை, அதுவும் முன்பக்கம் அகலமானது. நீலமும் மஞ்சளுமாகப் பார்க்கச் சகிக்காத நிறம். அதில் மறுநாள் ஓடியபோது என் கால்களை நான் மறந்துபோனேன். அந்த அளவு போதும் என்று தோன்றியது.

தூரத்தைக் கூட்டுவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. பிறகு ஓட்டம் வளரும், நடை குறையும். நிற்காமல் ஓட முடிந்த பிறகு வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டுவதில்லை. நாலாவது வாரம் வேண்டுமென்றே குறைக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் மட்டும் நீண்ட ஓட்டம், அதையும் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில். எனக்குக் கூட ஓட ஆள் இல்லாததால் சர்க்யூட்டில் வரும் ரெசிஸ்டரின் மதிப்பைக் காட்டும் பத்து நிறங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு ஓடுவேன். கறுப்பு, பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு. வெள்ளை வரை மூச்சுத் தட்டாமல் வந்தால் வேகம் சரி.

அவன் இரண்டு நாள் என்னோடு ஓடிப்பார்த்தான். "நான் உக்காரப் பொறந்தவன்" என்று சொல்லி நிறுத்திவிட்டான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டரில் வந்தான். தண்ணீர் பாட்டிலும் வாழைப்பழமும் அவனிடம் இருக்கும். கிள்ளிப்பாலத்தில் ஒருமுறை, தம்பானூர் ரயில் நிலையத்துக்கு எதிரில் ஒருமுறை, பாளையத்தில் ஒருமுறை என்று எனக்கு முன்னால் போய் நிற்பான். தம்பானூரில் ஆட்டோக்காரர் ஒருவர், சேச்சி கோபித்துக்கொண்டு ஓடுகிறாளா, நீங்கள் சமாதானம் செய்யப் போகிறீர்களா என்று மலையாளத்தில் கேட்டாராம்.

"நீ என்ன சொன்னே?"

"கல்யாணத்துலேர்ந்தே ஓடறா, இன்னும் பிடிக்க முடியலைன்னேன்."

"அதுக்கு?"

"ஸ்கூட்டர் வெச்சிண்டுமான்னு கேட்டுட்டான்."

என் ஓட்டக் கணக்கை ஒரு பட்டியலாக வைத்திருந்தேன். தேதி, தூரம், நேரம், எந்த ஷூ. அவன் அதற்கு ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தான். எங்கள் இருவருக்கும் பொதுவான ஃபோல்டரில் அது இருந்தது. கரண்ட் பில்லும் இன்சூரன்ஸும் இருக்கும் அதே ஃபோல்டர். ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு நான் எண்ணைச் சேர்ப்பேன், கோடு ஒரு படி ஏறும், அவன் எட்டிப் பார்த்து "மார்க்கெட் ஸ்ட்ராங்" என்பான்.

மழைக்காலத்திலும் விடவில்லை. நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வாசல் ஓரம் வைக்க வேண்டும். மாமியார் தாளை எடுத்துக் கொடுப்பார். "இது முந்தாநேத்தையது. நேத்தையதைத் தொடாதே, நான் இன்னும் வாசிச்சு முடிக்கலை." இரண்டாம் மழைக்காலத்தில் நீலமஞ்சள் ஷூவின் அடிப்பாகம் தட்டையானது. அதே அளவில், அதே வகையில் மூன்றாவது ஜோடி வாங்கினேன். புதியதை உடனே நீண்ட ஓட்டத்துக்குப் போடக் கூடாது, பழையதோடு மாற்றி மாற்றிப் போட்டுப் பழக்க வேண்டும். அது எனக்குத் தெரியும். இருந்தும் இரண்டே சிறிய ஓட்டங்களுக்குப் பிறகு புதியதைப் போட்டுக்கொண்டு அந்த ஞாயிறு பதினான்கு ஓடினேன்.

கரமனையிலிருந்து தம்பானூர், பாளையம், மியூசியம், வெள்ளையம்பலம், கவடியார். அங்கிருந்து அதே வழியில் திரும்பி வீடு. கவடியாரில் வயிற்றைப் புரட்டியது. சாலையோர மரத்தடியில் குனிந்து நின்றேன். "பழம் சரியில்லையோ?" என்று அவன் மீதிப் பழத்தை முகர்ந்து பார்த்தான். தண்ணீர் குடித்ததும் சரியாகிவிட்டது. திரும்பும்போது லேசாகத் தூறியது. என் வாழ்க்கையில் அவ்வளவு சுலபமாக அதற்கு முன் ஓடியதில்லை, இதுவரை பிறகும் இல்லை. தம்பானூரில் நான் அவனைத் தாண்டிப் போகும்போது ஸ்கூட்டரின் ஹாரனை நீளமாக அடித்தான். போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார்.

முதலில் கண்டுபிடித்தது மாமியார். எங்கள் வீட்டில் மாதத்தில் மூன்று நாள் நான் விளக்கேற்றுவதில்லை. அந்த மூன்று நாள் அவர் ஏற்றுவார், நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதம் அவர் முறை வரவில்லை. புதன்கிழமை சாயங்காலம் திரியைத் திரித்துக்கொண்டே, "முழுகாம இருக்கியோ?" என்றார். என் போனில் இதற்கென்று ஓர் ஆப் இருந்தது. அதைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் நான் பதில் சொன்னேன்.

மருத்துவர் ஒரு பெண். ஓடிப் பழகியவர்கள் உடம்புக்குச் சரியாக இருக்கும்வரை மெதுவாக ஓடலாம் என்றார். தூரம் கூட்ட வேண்டாம், வலியோ ரத்தமோ பார்த்தால் நிறுத்த வேண்டும். நான் நீண்ட ஓட்டங்களை விட்டுவிட்டு, வாரம் மூன்று நாள் மூன்று கிலோமீட்டர் என்று குறைத்தேன். வரைபடத்தில் கோடு இறங்கியபோது அவன், "இது நல்ல இறக்கம்" என்றான்.

ஏழாவது வார ஸ்கேனில் அவன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு புள்ளி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. "சுத்தமான சிக்னல்" என்று என் காதில் சொன்னான்.

பதினோராவது வாரம், ஸ்கேன் செய்த பெண் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு மருத்துவர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். எட்டாவது வாரத்தோடு வளர்ச்சி நின்றிருக்கிறது. இது நீங்கள் செய்ததாலும் இல்லை, செய்யாததாலும் இல்லை. பெரும்பாலும் கருவிலேயே இருக்கும் பிசகு.

"டாக்டர், இவ ஓடுவா" என்றான் அவன்.

"அறிஞ்சுதான் சொல்றேன். ஓட்டம் காரணம் இல்லை."

ஒரு நிமிடம் கழித்து அவன் மறுபடியும் கேட்டான். தூரம் அதிகமாக ஓடியிருந்தால்? மருத்துவர் அதற்கும் இல்லை என்றார். அவன் தலையாட்டினான். இரண்டு முறை கேட்டதை நான் கவனித்தேன். ஆனால் அன்றைக்கு அதை எடுத்துவைத்துப் பார்க்கிற நிலையில் இல்லை.

பதினெட்டு நாள் வீட்டில் இருந்தேன். பிரசவித்தவளுக்குச் செய்வதுபோல மாமியார் பத்தியச் சமையல் செய்தார். பூண்டு அந்த வீட்டில் நுழைவது அப்போது மட்டும்தான். அவன் வேலைக்குப் போய்வந்தான். சாயங்காலம் என் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொடுப்பான். நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பேசியிருக்க வேண்டும். அவன் எனக்காக அழாமல் இருந்தான், நான் அவனுக்காக அழாமல் இருந்தேன்.

பகலில் வீடு அமைதியாக இருக்கும். நான் என் ஓட்டப் பட்டியலைத் திறந்து எட்டாவது வாரம் எது என்று தேடினேன். மூன்று ஓட்டம், மூன்று மூன்று கிலோமீட்டர். அதற்கு முந்தைய வாரம், அதற்கும் முந்தையது. அப்படியே தேடிக்கொண்டிருந்தவள், பதினெட்டாம் நாள் கம்பெனியில் பயன்படுத்தும் படிவத்தைத் திறந்தேன்.

ஒரு போர்டு தோற்றால் நாங்கள் நிரப்புகிற படிவம் அது. என்ன நடந்தது, எப்போது, எந்தச் சூழ்நிலையில், அதற்கு முன் என்னென்ன மாற்றப்பட்டது, எந்தச் சான்று ஆதரவு, எந்தச் சான்று எதிர். பிறகு காரணம். பிறகு திருத்த நடவடிக்கை. 'காரணம் தெரியவில்லை' என்று எழுத எங்கள் மேலாளர் விடமாட்டார். காரணக் கட்டத்தைக் காலியாக விட்டால் அது சிவப்பாகும், படிவம் முடிந்ததாகக் கணக்கில் வராது. ஒரு காரணத்தை எழுது, தப்பென்றால் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பது அவர் வாதம். எட்டு வருடமாக அப்படித்தான் எழுதிவருகிறேன்.

எல்லாக் கட்டங்களையும் நிரப்பினேன். மாற்றங்கள் என்பதில் புது ஷூ, நீண்ட தூரம், மழையில் நனைந்தது, புது இரும்புச்சத்து மாத்திரை. எதிர்ச்சான்று என்பதில், பதினான்குக்குப் பிறகு துடிப்பு சரியாக இருந்தது, மருத்துவர் ஓட்டம் இல்லை என்றார். எல்லாம் நேர்மையாக எழுதினேன். காரணக் கட்டம் சிவப்பாகவே இருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு 'கர்ப்பத்தின் தொடக்கத்தில் தூரத்தைக் கூட்டியது' என்று எழுதினேன். திருத்த நடவடிக்கையில் 'ஓட்டத்தை நிறுத்துதல்'. சிவப்பு போய்விட்டது. அன்று மதியம் நன்றாகத் தூங்கினேன். நான் அதை நம்பினேனா என்று கேட்டால், எழுதும்போது கட்டத்தை மூடவேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

எங்கே சேமிப்பது என்று யோசிக்கக்கூட இல்லை. ஓட்டப் பட்டியல் இருந்த இடத்திலேயே கை போய்ச் சேமித்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை இன்சூரன்ஸ் தாளைத் தேடி அவன் ஃபோல்டரைத் திறந்தான். நான் சமையலறையில் இருந்தேன். அவன் கூப்பிடவில்லை. காபியை எடுத்துக்கொண்டு போனபோது திரையில் அந்தப் படிவம் திறந்திருந்தது.

"இது என்னது?"

"சும்மா எழுதினேன்."

"சும்மாவா? சான்று, எதிர்ச்சான்று எல்லாம் போட்டிருக்கே."

"அந்தக் கட்டம் காலியா இருந்தா சிவப்பாகும்டா. உனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஷூன்னு எழுதியிருக்கலாம். மாத்திரைன்னு எழுதியிருக்கலாம். நாலு இருந்தது, நீ இதை எடுத்தே." அவன் குரலை உயர்த்தவில்லை. அடுத்த அறையில் அம்மா இருந்தார். "டாக்டர் இல்லைன்னா. நான் நம்பினேன். நம்பணும்னு ரொம்பக் கஷ்டப்பட்டேன். நீயே எழுதி வெச்சிருக்கே."

"பதினாலுக்கப்புறம் துடிப்பைப் பாத்தோமே. நீதானே சுத்தமான சிக்னல்னே?"

"ஸ்ட்ரெஸ் பண்ணின போர்டு அன்னிக்கே போகாது" என்றான். "ரெண்டு வாரம் கழிச்சுப் போகும். யார் சொன்னது?"

நான் காபியை மேஜையில் வைத்தேன். கர்ப்பம் ஒரு போர்டு இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தப் படிவத்தைத் திறந்தவளே நான்தான். எனக்கு அந்த வாக்கியத்தைச் சொல்ல உரிமை இல்லாததுபோல நின்றேன்.

அவனைக் கொடுமைக்காரன் என்று எழுத என்னால் முடியாது. அவனும் அத்தனை நாளும் ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறான். கடைசியில் அது அவனுக்கு நானே எழுதியதாகக் கிடைத்தது. எந்தப் படிவத்திலும் அவன் முதலில் படிப்பது காரணக் கட்டத்தைத்தான். அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான்.

அன்று இரவே படிவத்தை அழித்துவிட்டேன். அதனால் எதுவும் மாறவில்லை.

ஒரு மாதம் கழித்து, மருத்துவர் சரி என்றதும், மறுபடி ஓடத் தொடங்கினேன். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. படுத்திருந்த நாட்களில் என் உடம்பு எனக்கு எதிராக எதையோ செய்துவிட்டுப் பேசாமல் இருப்பதுபோலத் தோன்றும். ஓடும்போது அப்படித் தோன்றவில்லை. அதனால் ஓடினேன். அவனிடம் சொல்லவில்லை. அவன் எழுவதற்கு முன் போய்வந்தேன். ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. தாள் திணித்து வாசலில் வைத்த ஷூவை அவன் பார்த்தான்.

"காரணம்னு எழுதினே. நிறுத்தறேன்னும் எழுதினே" என்றான். "இப்போ மறுபடியும் பண்றே. நாளைக்கு இன்னொண்ணு வந்தா அதையும் இப்படித்தான் பண்ணுவியா?"

"காரணம் அது இல்லைடா."

"அப்படின்னா ஏன் எழுதினே?"

இந்த இடத்துக்கே வந்து நிற்போம், ஒவ்வொரு முறையும். நான் இதுவரை சொன்ன எந்தப் பதிலும் அவனுக்குப் போதவில்லை. எனக்கும் போதவில்லை என்பதுதான் உண்மை.

மாமியார் அதுவரை எங்கள் பேச்சில் நுழைந்ததில்லை. அன்று சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து அவன் முன்னால் நின்றார்.

"உனக்கு முன்னாடி ரெண்டு பறிகொடுத்தவளாக்கும் நான். ஓடியா பறிகொடுத்தேன்? இந்த ஆத்தில உக்காந்துண்டே பறிகொடுத்தேன்."

"அம்மா, நீ இதுல வராதே. மதி, போதும்."

"உங்க அப்பா ஒரு வார்த்தை கேக்கலை, தெரியுமோ? ஒரு வார்த்தை."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். அவர் பறிகொடுத்த அந்த இரண்டைப் பற்றி அதற்கு முன் எங்கள் இருவருக்கும் தெரியாது. அவர் திரும்பிப் போய் ரசத்தை இறக்கினார். நான் கூடப் போய் நின்றேன். கறிவேப்பிலையை உருவிக் கொடுத்தேன்.

அதன்பின் இரண்டு மாதம் ஒரே கட்டிலில், மரியாதையாக இருந்தோம். தெருவைத் தாண்டியும் நான் அவனை 'டா' என்று கூப்பிடுவது நின்றுபோனது. எப்போது நின்றது என்று எனக்கே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டர் வாசலில் நின்றது. நான் தண்ணீர் பாட்டிலை இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொண்டு ஓடப் பழகினேன். கொச்சிப் பிரிவில் ஆள் வேண்டும் என்று அறிவிப்பு வந்தபோது அவன் விண்ணப்பித்தான். "ஆறு மாசம்தான்" என்றான். ரயிலேற்ற நானும் தம்பானூர் போனேன். முதல் பிளாட்பாரத்தில் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். வண்டி நகர்ந்தபோது கையைத் தூக்கினான். எனக்கு அந்த வண்டியோடு கொஞ்ச தூரம் ஓட வேண்டும் என்றிருந்தது. ஓடவில்லை.

ஆறு மாதம் முடிந்து மேலும் மூன்று மாதம் ஆகிறது. முதலில் வாரம் ஒருமுறை வந்தான், பிறகு மாதம் ஒருமுறை. போன மாதம் போனில், "பிரிஞ்சுடறதுதான் ரெண்டு பேருக்கும் நல்லதுன்னு தோணறது" என்றான். யோசித்துத்தான் சொல்கிறாயா என்று கேட்டேன். ரொம்ப நாளாக யோசிக்கிறேன் என்றான். அவன் குரல் உடைந்தது. என்னுடையது உடையவில்லை. அது பற்றி இப்போது வருத்தப்படுகிறேன். அழுதிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

இப்போதைய நிலை இது. அவன் கொச்சியில் இருக்கிறான். நான் கரமனையில் அவன் அம்மாவோடு இருக்கிறேன். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. வாரம் இருபது கிலோமீட்டர் ஓடுகிறேன், அதற்கு மேல் கூட்டுவதில்லை. வக்கீலிடம் பேசி தாள்களை அனுப்புவதாக அவன் சொல்லியிருக்கிறான், இன்னும் வரவில்லை. வந்தால் கையெழுத்துப் போட்டுவிடுவேன். எனக்கு அவனோடு இருக்கத்தான் விருப்பம். அதைப் போன ஞாயிற்றுக்கிழமை அவனிடம் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டான், பிறகு போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னான்.